‘இங்’ ஈறும் மலையக இலக்கியமும்

ஆங்கில வினைகளின் இறுதியில் வரும் ‘இங்’ என்னும் ஈறு வடிவால் ஒன்று, பிறப்பால் இரண்டு. பழைய ஆங்கிலத்திலே தொழிலின் பெயரை உணர்த்த ‘உங்’, ‘இங்’ என்பன வழங்கின. வினையெஞ்சி நிற்கும் சொல்லுக்கு ‘எண்டெ’ என்பது ஈறாயிருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இவை தம்முள் மயங்கி ஒரே வடிவாயின. ஆகவே ‘பிளக்கிங்’ என்னுஞ் சொல் பறித்தல் என்றும் பொருள்படும். பறிக்கின்ற என்றும் பொருள்படும்.

தமிழ் இவ்விரண்டையும் வேறாகவே போற்றி வந்துள்ளது. ‘பறித்தல்’ தொழிற்பெயர், செய்பவரும் காலமும் அதிற் புலப்படா. ‘பறிக்கின்ற’ என்பது பெயரெச்சம். காலங் காட்டுவதோடு, தன்னை முடித்தற்கு ஒரு பெயரையும் அவாவி நிற்கும். செய்பவன் முதலிய அறுவகைப் பெயர்களுள் ஒன்றால் அது முடியும் என்பது நன்னூலார் கொள்கை.

இஃது இலக்கணச் செய்தி மட்டுமன்று. நுவரெலியா, அற்றன் மலைகளில் ‘புரூனிங்’, ‘பிளக்கிங்’, ‘விதரிங்’, ‘ரோலிங்’ என்பன தோட்டக் கணக்கின் சொற்கள். கணக்குக்குத் தொழில் போதும், தொழிலாளி வேண்டுவதில்லை. ஆளை விடுத்துத் தொகையை எண்ணும் இம்மனப்பான்மை ஏட்டளவில் நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்ய விட்டது. எஞ்சி நின்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது.

இதனாற் குற்றம் ஆங்கிலத்தினது என்று கொள்ளுதல் பொருந்தாது. தோட்டத் தமிழிலேயே ஒரு நாட் கூலி ‘பேர்’ எனப்பட்டது. பாதிக் கூலி ‘அரைப்பேர்’ ஆயிற்று. மனிதரைச் சுட்டும் பெயரே கூலியின் அளவாய் மாறியமை ஈண்டு நோக்கத்தக்கது. மறுதலையாக, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலேயே கவிதையாக்கினார். அதனைத் தமிழாக்கினார் சக்தி அ. பாலையா. கணக்கேட்டின் மொழியே கவிஞன் கையில் மாந்தரைக் காட்டும் மொழியாயிற்று. மொழியினும் அதனைக் கையாள்வோர் நோக்கே பெரிது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு கடமை உண்டு. ஆங்கிலம் ஒரே ஈற்றில் மறைத்து வைத்ததைத் தமிழ் மறைக்க இடந்தராது. தொழிற்பெயரா, எச்சமா என்பதை அவர் இடந்தோறும் தேர்ந்தேயாதல் வேண்டும். ‘கொழுந்து பறித்தல்’ என்று எழுதினால் வேலை தோன்றும். ‘கொழுந்து பறிக்கின்ற பெண்’ என்று எழுதினால் அவள் தோன்றுவாள். மலையக இலக்கியத்தை மதிப்பிடுவோர் முதற்கண் வினவ வேண்டியது, எச்சத்தை முடிக்கும் பெயர் அங்கே வந்துளதா என்பதேயாம்.