அமாவாசைக்குக் கிடைத்த கைதட்டல்

தமிழ்த் திரையில் அரசியல் அங்கதப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றைப் பார்த்தவர்களின் எதிர்வினைகளோ படங்களைவிடச் சிக்கலானவை. அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது எனத் தொல்காப்பியம் இரண்டாகப் பகுக்கிறது. முகத்துக்கு நேரே பழிப்பது முதலாவது, பழிப்பைச் சொல்லுக்குள் ஒளித்துவைப்பது இரண்டாவது. சாதி, மதம், பால், நோய், உடற்குறை ஆகியவற்றின் பெயரால் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர்களை நகைப்புப் பொருளாக்கக் கூடாது என்ற, 'அரசியல் சரி' எனப்படும் இன்றைய அளவுகோலை இந்தப் படங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. கதை யாரைக் கண்டிக்கிறதோ அவரோடு சேர்ந்துதான் பெரும்பாலும் பார்வையாளர் அவை சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்பால் காயப்பட்டவர்களோ கேலிக்கு இலக்கான ஆட்சியாளர்கள் அல்லர், கதையின் ஓரத்தில் நின்ற எளியவர்கள்.

இதைக் காரைக்காலில் நின்று பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வடக்கே தரங்கம்பாடிக்கும் தெற்கே நாகூருக்கும் இடையில், மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக அமைந்த இப்பகுதி, காவிரிக் கடைமடையின் பேச்சையும் பழக்கங்களையும் கொண்டது. ஆட்சியால் மட்டும் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியைச் சேர்ந்தது. தணிக்கைச் சான்று நாடு முழுவதற்கும் ஒன்றே என்றாலும், திரையரங்குக்கு உரிமம் தருவதும் காட்சியை நிறுத்துவதும் அந்தந்த நிர்வாகத்தின் அதிகாரம் என்பதால், சென்னையில் பிறக்கும் ஓர் ஆணை காரைக்கால் எல்லைக்குள் தானாக வந்து சேர்ந்துவிடாது. ஆட்சி மாறினால் சகிப்பும் கூடிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. 1945இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு நாடகக் குழுவோடு சென்றிருந்த இளம் மு. கருணாநிதி அரசியல் எதிரிகளால் அடித்து வீசப்பட்டார். பெரியார் அவருக்கு மருந்திட்டு ஈரோட்டுக்கு அழைத்துச் சென்றது திராவிட இயக்க வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட நிகழ்ச்சி.

செம்பொருள் அங்கதத்தைத் தமிழ் மேடையில் உச்சிக்குக் கொண்டுசென்றவர் எம்.ஆர். ராதா. அவருடைய இராமாயண நாடகம் கிளப்பிய கொந்தளிப்பு, சென்னை மாநிலத்தின் 1954ஆம் ஆண்டு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முக்கியமான தூண்டுதலாயிற்று. அதே ஆண்டில், திருவாரூர் கே. தங்கராசு எழுதி ராதா பல்லாண்டுகள் ஊர் ஊராக நடித்த 'ரத்தக்கண்ணீர்', கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 1இல் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய செல்வந்தன் மோகனசுந்தரம் தாயை உதைக்கிறான், மனைவியைப் புறக்கணிக்கிறான், தாசி காந்தாவின் வீட்டிலேயே கிடக்கிறான், முடிவில் தொழுநோயாளியாகத் தெருவுக்கு வருகிறான். கதை அவனைத் தண்டிக்கிறது. அவையோ அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆரவாரித்தது. மதம், மரபு, பெரிய மனிதர், பட்டணத்து நாகரிகம் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கிழிக்கும் உரிமை படத்தில் அவன் ஒருவனுக்கே தரப்பட்டிருந்ததால், அறம் மனைவி சந்திராவிடம் இருக்க, உண்மை பேசும் வாய் மட்டும் கயவனிடம் இருந்தது.

இந்த ஆரவாரத்துக்கு வேறொரு தரப்பு விலை கொடுத்தது. தொழுநோய் ஒழுக்கக்கேட்டின் கூலி என்ற நம்பிக்கையை, பகுத்தறிவைப் பரப்ப எழுதப்பட்ட ஒரு கதையே உறுதிப்படுத்தியது. தாசி என்றால் நோயைக் கொடுத்துப் பணத்தைப் பறிப்பவள் என்ற வசையும் கேள்வியின்றி நிலைத்தது. மணமுறிவுக்கான காரணங்களிலிருந்து தொழுநோயை நீக்கிய சட்டத்திருத்தம் 2019இல்தான் வந்தது என்பதை எண்ணினால், படம் வந்து அறுபதாண்டுகளுக்கு மேல் அந்நோயாளிகள் சுமந்த இழிவு எத்தகையது என்பது விளங்கும். ராதாவின் நடிப்பு தமிழின் பெருஞ்செல்வங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. அந்தச் செல்வத்தின் ஒரு பங்கு நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கரந்த அங்கதத்துக்குச் சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' சான்று. 1968இல் மேடையேறி, 1971இல் சோவின் முதல் இயக்கத்தில் படமான இக்கதையில், பதினான்காம் நூற்றாண்டுத் தில்லி சுல்தானும் பயணி இப்னு பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு வெளிவந்ததாக நாடு நம்புகிறது; துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகி, ஆட்சிமொழிச் சண்டையைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கி, தன் பக்கம் தாவி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி வழங்குகிறார். 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும், 1967க்குப் பின் வடமாநிலங்களில் பெருகி 'ஆயாராம் கயாராம்' என்று பெயர்பெற்ற கட்சித்தாவலையும் நேரில் கண்டிருந்த அவைக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

சோவை அவருடைய கேலிக்காகத் தாக்கியவர்களும் கொண்டாடியவர்களும் அதிகம் பேசாத ஒன்று, கதையின் முடிவு. இருவரும் அரசியல்வாதிகளைத் தோலுரிப்பதற்காக வேடமிட்ட இளைஞர்கள் என்பது வெளிப்படும் கட்டத்தில், பதூதா வேடக்காரன் உண்மையை மக்களிடம் சொல்ல முற்பட, பதவியின் சுவை கண்ட துக்ளக் வேடக்காரன் பேச்சாலேயே கூட்டத்தைத் திருப்பி, அந்தக் கூட்டத்தின் கையாலேயே நண்பனைத் தீர்த்துக்கட்டுகிறான். அதுவரை துக்ளக்கின் ஒவ்வொரு சொல்லுக்கும் சிரித்த அவை, திரையிலுள்ள கூட்டம் வேறு, தான் வேறு என்று சொல்ல முடியாத இடத்துக்கு வந்து சேர்கிறது. பார்வையாளரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய தமிழ்ப் படம் இதற்கு இணையாக வேறொன்று இல்லை.

இருந்தும் வெளிப்படையான எதிர்ப்பு மதத்தின் பெயரால்தான் எழுந்தது. ஒரு சுல்தானை முன்னிறுத்திக் கேலி செய்வது இஸ்லாமியரை இழிவுபடுத்துவதாகும் என்ற குரல் எழ, அதன் பின்னால் ஆளுங்கட்சியான தி.மு.க.வின் கை இருப்பதாகச் சோ தரப்பு கூறிற்று. எம்.எஸ். விசுவநாதன் குரலில் ஒலிக்கும் 'அல்லா அல்லா' பாடல் படத்தில் இடம்பெற்றிருப்பதை இந்தப் பின்னணியில் வைத்துக் காண வேண்டும். மரைக்காயர் குடும்பங்களும் தர்காக் கந்தூரியும் ஊர்வாழ்வின் பகுதியான காரைக்காலில் இக்கேள்வி இன்னும் நுட்பமானது: 1969 முதல் 1974 வரை புதுச்சேரியின் முதல்வராக இருந்த எம்.ஓ.எச். பரூக் இஸ்லாமியர், தி.மு.க.காரர். கட்சி வேறு, சமயம் வேறு என்று இங்கே எளிதில் கோடு கிழிக்க இயலாது. தமிழ்நாட்டிலோ, 1971 மார்ச் தேர்தலில் தி.மு.க. 234இல் 184 இடங்களை வென்றது. அரங்கில் எழும் சிரிப்பு வாக்குப்பெட்டிக்குள் விழுவதில்லை என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று தேவையில்லை.

புண்படுதல் என்ற வாதத்துக்கு நீதிமன்றம் அளித்த விடையும் இங்கே கருதத்தக்கது. இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' நகைச்சுவைப் படமன்று. ஆயினும் அதன் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், படத்தை அளக்க வேண்டியது எதற்கும் துடித்தெழும் மனத்தைக் கொண்டு அன்று, பொது அறிவுள்ள சராசரி மனிதரைக் கொண்டே என்றும், கலவர மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை அரசு கைவிடலாகாது என்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியானது. ஆனால் 'சராசரி மனிதர்' என்ற அளவுக்குள் தொழுநோயாளியும் தாசியும் வருவார்களா என்பது அத்தீர்ப்பின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

மணிவண்ணனின் 'அமைதிப்படை' (1994) இந்த முரணை முழுதாகத் திறந்து காட்டுகிறது. கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கித் திரிந்த அமாவாசையை, மணிவண்ணனே ஏற்ற அரசியல்வாதிப் பாத்திரம் தேர்தலில் நிறுத்துகிறது. வாக்கு எண்ணிக்கைக் காட்சியில் அமாவாசையாக நடிக்கும் சத்யராஜ் வசனத்தைவிட உடம்பை அதிகம் பேசவைக்கிறார்: முன்னிலை அறிவிப்பு ஒவ்வொன்றாக வர, ஒடுங்கி உட்கார்ந்திருந்தவன் சிறிது சிறிதாக நிமிர்கிறான், கால்மேல் கால் ஏறுகிறது, குரலில் மரியாதை தேய்கிறது, பக்கத்தில் இருக்கும் எசமானர் அதைக் கவனித்தும் ஒன்றும் செய்ய முடியாமல் சுருங்குகிறார். ஒரு பதவி ஒரு மனிதனுக்குள் நுழைவதை அங்குலம் அங்குலமாகக் காட்டும் இக்காட்சிக்கு விழும் கைதட்டலில், அதே மனிதன் தாயம்மா என்ற பெண்ணின் வாழ்வைக் குலைத்தவன் என்பது மறந்துபோகிறது. இன்றும் தேர்தல்தோறும் அமாவாசையே நினைவுகூரப்படுகிறான். அவனால் அழிந்த தாயம்மாவை யாரும் நினைப்பதில்லை. 2013இல் வந்த தொடர்ச்சியான 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' முதற்படத்தின் வரவேற்பில் சிறுபங்கும் பெறவில்லை. நிமிர்ந்து முடிந்தவனிடம் பார்ப்பதற்கு ஏற்றம் ஏதும் மிச்சமில்லை.

'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) வரலாற்று வேடத்திலும், 'தமிழ்ப் படம்' (2010) நட்சத்திரப் படங்களைப் போலி செய்தும் சிரிக்கவைத்தன. கேலியின் கூர் திரைத்துறையை நோக்கித் திரும்பியபோது ரசிகர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இதனிடையே நகைச்சுவைப் படங்களில் புதுச்சேரி என்ற பெயரே மலிவு மதுவுக்குச் சாடையாகிவிட்டது. எல்லைதாண்டிக் குடிக்க வருபவர் எங்கிருந்தோ வர, கேலி மட்டும் காரைக்கால் உட்பட அந்த ஆட்சிப்பகுதி முழுவதன் மேலும் விழுகிறது.

மடோன் அஷ்வினின் 'மண்டேலா' 2021 ஏப்ரல் 4 அன்று விஜய் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. இரண்டே நாளில், ஏப்ரல் 6இல், தமிழ்நாடும் புதுச்சேரியும் வாக்களித்தன. இரு தரப்புக்கும் சமமாகப் பிளந்த ஊரில் முடிதிருத்துபவர் ஒருவரின் ஒற்றை வாக்கு முடிவைத் தீர்மானிப்பதும், அதற்காக இரு தரப்பும் பொருளைக் கொட்டுவதும் கதை. காரைக்காலில் நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருப்பட்டினம் என ஐந்தே தொகுதிகள். ஒவ்வொன்றிலும் வாக்காளர் தமிழ்நாட்டுத் தொகுதியில் இருப்போரைவிடப் பன்மடங்கு குறைவு. வேட்பாளர் வீட்டுவாசல்வரை தெரிந்த முகம். இத்தகைய இடத்தில் ஒரு வாக்கின் விலை என்பது கற்பனையாகத் தோன்ற வாய்ப்பே இல்லை. தேசிய விருது பெற்ற இந்தப் படம் முடிதிருத்துபவரைக் கேலி செய்வதன்று, அவரை நாயகனாக்குவது. ஆயினும் ஊரார் அவரை ஏவி இழிவுபடுத்தும் காட்சிகள் தங்கள் சமூகத்தைப் புண்படுத்துவதாக முடிதிருத்தும் தொழிலாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. பார்ப்பவரின் சிரிப்பு ஏவுபவர் மீதா ஏவப்படுபவர் மீதா என்பது இயக்குநரின் கையில் இல்லை என்பதை அனுபவத்தால் அறிந்தவர்களின் எதிர்ப்பு அது; அதனை வெறும் சகிப்பின்மை என்று ஒதுக்குவது நியாயமாகாது. வாக்குக்குப் பொருள் கொடுப்பவர்களாகப் படம் முழுக்கக் காட்டப்பட்ட அரசியல்வாதிகளின் பக்கத்திலிருந்தோ அத்தகைய எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை.