ஸ்பிண்டில் வேகத்தைச் சொல்கேட்க வைக்கும் சின்னப் பலகை

சொந்தமாக சிஎன்சி கட்டுபவர்களுக்கு மூன்று அச்சுகளும் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு வரும் தலைவலி, ஸ்பிண்டில் வேகம். நிரலில் எஸ்8000 கொடுத்தாலும் எஸ்20000 கொடுத்தாலும் ஒரே சுற்று. சிலசமயம் சுற்றவே சுற்றாது. அக்ரிலிக் வெட்டும்போது வேகம் மிஞ்சினால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் அப்பிக்கொள்ளும். ஆகவே வேகக் கட்டுப்பாடு அவசியத் தேவை.

ஆர்டுயினோ ஊனோவில் ஜிஆர்பிஎல் 1.1 கட்டுப்பாட்டு மென்பொருள், ஸ்பிண்டில் மோட்டாரை இயக்கும் ஹுவான்யாங் விஎஃப்டி, 24,000 ஆர்பிஎம் ஸ்பிண்டில். இவற்றுக்கு நடுவே நான் பொருத்திப் பார்த்தது, எல்எம்358 சிப் உள்ள பிடபிள்யூஎம் மாற்றிப் பலகை. ஊனோ அனுப்புவது 5 வோல்ட் துடிப்பு. விஎஃப்டி கேட்பது 0 முதல் 10 வோல்ட் வரையிலான சீரான மின்னழுத்தம். முன்னதைப் பின்னதாக மாற்றுவதே பலகையின் வேலை.

பொருத்துதல்

பலகைக்கு 24 வோல்ட் கொடுப்பது நல்லது. எல்எம்358 தன் சப்ளை அளவுக்கு வெளியீட்டை உயர்த்தாது. சப்ளை 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் உச்ச வேகம் கிடைக்காது. ஊனோவின் கிரவுண்டும் பலகையின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு பாதி வேகத்தில் ஓடவிட்டு, வெளியீடு 5 வோல்ட் வரும்வரை பலகையிலுள்ள திருகைத் திருப்ப வேண்டும்.

சோதனை

ஜிஆர்பிஎல்லில் உச்ச வேகத்தைக் குறிக்கும் $30 மதிப்பை 24000 ஆக வைத்து, எம்3 எஸ்12000 கொடுங்கள். ஊனோவின் துடிப்பு வெளிவரும் டி11 பின்னில் மல்டிமீட்டர் 2.5 வோல்ட் காட்ட வேண்டும். பலகையின் வெளியீட்டில் 5 வோல்ட். விஎஃப்டி திரையில் 200 ஹெர்ட்ஸ். டாக்கோமீட்டரில் ஏறக்குறைய 12,000. எந்த இடத்தில் எண் தவறுகிறதோ, கோளாறு அதற்குச் சற்று முன்னால்தான்.

இப்படி அளந்தால் குற்றவாளி பெரும்பாலும் பலகையாக இருக்காது. $30-இன் இயல்பு மதிப்பு 1000. அதை மாற்றாவிட்டால் ஆயிரத்துக்கு மேல் எந்த எண் கொடுத்தாலும் முழு வேகம்தான். லேசருக்காக $32-ஐ 1 ஆக்கியிருந்தால் ஜி0 நகர்வில் ஸ்பிண்டில் நின்றுவிடும். பழைய சிஎன்சி ஷீல்டில் 'இசட் எல்லை' என்று அச்சிட்ட இடத்தில்தான் டி11 இருக்கிறது. விஎஃப்டியில் வெளியிலிருந்து கட்டளை ஏற்க பிடி001, பிடி002 இரண்டும் 1 ஆக வேண்டும். 10 வோல்ட்டுக்கான அதிர்வெண்ணைக் குறிக்கும் பிடி072 50-லேயே இருந்தால் 10 வோல்ட் கொடுத்தும் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டாது, 400 ஆக்குங்கள். விஎஃப்டியைத் திறப்பதானால் மின்சாரத்தை அணைத்து, கெப்பாசிட்டர்கள் வடியும்வரை காத்திருங்கள்.

குறைகள்

வேகம் திரும்பித் தெரிவிக்கப்படுவதில்லை. சுமை ஏறிச் சுற்று குறைந்தால் ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியாது. ஸ்பிண்டில் முழு வேகம் பிடிக்கும்வரை அது காத்திருப்பதும் இல்லை. எம்3-க்கு அடுத்து ஜி4 பி5 என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். விஎஃப்டியின் மின்னிரைச்சலைத் தடுக்க ஷீல்டு கேபிள் போட்டு, அதன் ஒரு முனையை மட்டும் எர்த் செய்யுங்கள்.

தீர்ப்பு

எட்டு பிட் பிடபிள்யூஎம்மில் ஒரு படி சுமார் 94 ஆர்பிஎம். மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இந்த நுணுக்கம் தாராளம். தயங்காமல் வாங்கலாம். மல்டிமீட்டர் இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள். வேறொரு பலகைக்குச் செலவழிப்பதைவிட அது கோளாறைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.