பெயரை நிறுக்கும் தராசு

யார் கூறினார் என்று பாராது, கூறிய பொருளின் மெய்யைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நெறி. அறிஞர் உலகம் இந்நெறியை ஒப்புக்கொள்கிறது, ஆயின், கைக்கொள்கிறதா? ஆய்விதழுக்கு வரும் கட்டுரையைத் துறைவல்லார் படித்து, ஏற்கலாம் அல்லது தள்ளலாம் என்று கூறுவது வழக்கம். பல இதழ்களில் எழுதியவர் இன்னார் என்பதை மதிப்பிடுவோர் அறிவர். மதிப்பிட்டவரை எழுதியவர் அறியார்.

டக்ளஸ் பீட்டர்ஸ், ஸ்டீபன் சீசி என்னும் அமெரிக்க உளவியலார் இவ்வழக்கத்தைச் சோதித்து, 1982-இல் முடிவை வெளியிட்டனர். புகழ்மிக்க பல்கலைக்கழகத்தார் எழுதி, முன்பே அச்சேறிய 12 கட்டுரைகளை எடுத்தனர். எவரும் கேட்டறியாத புனைபெயர்களையும் நிலையப் பெயர்களையும் இட்டு, வெளியிட்ட இதழ்களுக்கே மீண்டும் அனுப்பினர். மூன்று மட்டுமே பழையவை எனக் கண்டுகொள்ளப்பட்டன. எஞ்சிய ஒன்பதில் எட்டுத் தள்ளுண்டன. ஆய்வு முறையில் பெருங்குறை உண்டு என்றும் காரணம் காட்டப்பட்டது!

இது கொண்டே மதிப்பிடுவோரை ஓரவஞ்சகர் எனத் தீர்ப்பது அவசரமாகும். ஒன்பது என்பது சிறு தொகை. மேலும், அக்கட்டுரைகள் புகழ்ப்பெயருடனேயே மறுமுறை சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பது ஒப்பிடப்படவில்லை. எனவே, குற்றம் பெயரைச் சார்ந்ததா, மதிப்பீட்டின் நிலையாமையைச் சார்ந்ததா என்று பிரித்தறிய இயலாது.

அக்குறையை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு நீக்கியது. நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் வெர்னன் ஸ்மித்தும், புகழ்பெறாத இளம் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்தெழுதிய ஒரே கட்டுரையை 500-க்கும் மேற்பட்டோர் மதிப்பிட்டனர். இளையவர் பெயரை மட்டும் கண்டோரில் 65 விழுக்காட்டினர் தள்ளுக என்றனர். பெயரே காணாதோரில் 48. ஸ்மித் பெயரை மட்டும் கண்டோரில் 23. பெரிய பெயர் தூக்கிவிடுகிறது. சிறிய பெயர் அழுத்திவிடுகிறது. புகழுடையார்க்கு ஒரு மறுப்பு சிறு தடையே. தொடக்க நிலையில் இருப்பவர்க்கோ அதனால் பதவியே கைநழுவக்கூடும்.

ஆகவே, பெயரை மறைப்பது முதல் மருந்து. ஆனால் அது முழு மருந்தன்று. பெயர் மறைந்தபோதும் ஏறத்தாழப் பாதிப்பேர் தள்ளினர், மற்றோர் தள்ளவில்லை. சிறிய துறைகளிலோ, எழுத்தைக் கொண்டே ஆளை ஊகித்துவிடலாம். எதை எதை நோக்க வேண்டும் என்று முன்னரே வகுத்து, ஒவ்வொன்றுக்கும் கட்டுரையிலிருந்தே காரணம் காட்டச் செய்வது இரண்டாம் மருந்து.

பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் இருப்பதேன், திருத்துவோர் கையில் புள்ளியிடும் முறை இருப்பதேன் என்பவற்றை ஆசிரியர் அறிவர். மாணவர்க்கு வழங்கும் அந்நீதியை அறிஞர் தமக்குள்ளும் வழங்கிக்கொள்ளுதல் வேண்டும்.