எல்எம்டூல்ஸ்: தோற்றம் பழசு, தகவல் துல்லியம்

ஆன்சிஸ், மேட்லேப் போன்ற விலை உயர்ந்த மென்பொருள்களை ஆளுக்கொன்று வாங்க எந்த அலுவலகத்துக்கும் கட்டுப்படியாகாது. சில லைசென்ஸ்களை வாங்கி சர்வரில் வைத்து, எல்லோரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். அந்தப் பங்கீட்டைக் கவனிப்பது ஃப்ளெக்ஸ்நெட். 1988-இல் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற பெயரில் தொடங்கிய இதன் விண்டோஸ் கருவிதான் எல்எம்டூல்ஸ். திரையைப் பார்த்தால் விண்டோஸ் 98 காலத்து ஞாபகம் வரும். ஆனாலும் "லைசென்ஸ் கிடைக்கலை சார்" என்று போன் வந்தால் நான் முதலில் திறப்பது இதைத்தான்.

'சர்வர் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மொத்தம் எத்தனை லைசென்ஸ், எந்தக் கணினியில் யார், எத்தனை மணியிலிருந்து வைத்திருக்கிறார்கள் என்று எல்லாம் வந்துவிடும். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிதான் பாடாய்ப் படுத்தும். சர்வரில் எல்லாம் சரியாக இருக்கும். ஊழியரின் கணினியிலோ சர்வரோடு இணைய முடியவில்லை என்று -15 பிழை வரும். ஃபயர்வாலில் 27000-ஆம் போர்ட்டைத் திறந்துதானே வைத்திருக்கிறோம் என்று குழம்புவோம். சர்வரில் ஓடுவது இரண்டு புரோகிராம்கள். 27000-ஆம் போர்ட்டில் இருக்கும் முதலாவது விசாரித்து அனுப்பும். லைசென்ஸ் தருவது மென்பொருள் நிறுவனத்தின் இன்னொரு புரோகிராம். போர்ட் எண் குறிப்பிடாவிட்டால், அது ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். நேற்று வேலை செய்தது, சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் நின்றுபோவது இதனால்தான். லைசென்ஸ் ஃபைலில் 'வெண்டார்' வரியின் கடைசியில் ஒரு போர்ட் எண்ணை எழுதி, அதையும் ஃபயர்வாலில் திறந்துவிட வேண்டும்.

இன்னொன்று: யாராவது லைசென்ஸை இரவல் ('பாரோ') எடுத்திருந்தால் 'ஸ்டாப்' பொத்தான் சர்வரை நிறுத்தாமல் போகலாம். கீழே இருக்கும் 'ஃபோர்ஸ்' கட்டத்தை டிக் செய்ய வேண்டும்.

இதன் உண்மையான பலம் டீபக் லாக். லைசென்ஸ் போனால் 'அவுட்', திரும்பினால் 'இன்', மறுக்கப்பட்டால் 'டினைட்' என்று ஒவ்வொன்றும் பதிவாகும். 'டினைட்' வரிகளை எண்ணிக் காட்டினால்தான் கூடுதல் லைசென்ஸ் வேண்டும் என்று நிர்வாகத்திடம் தைரியமாகக் கேட்க முடியும். ஆனால் வரிகளில் நேரம் மட்டுமே இருக்கும். தேதியை இடையிடையே வரும் தனி வரியில் தேட வேண்டும். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. லாக் ஃபைலின் பெயருக்கு முன்னால் கூட்டல் குறி போடாவிட்டால், ரீஸ்டார்ட்டின்போது பழைய பதிவு அழிந்துவிடும். பிரச்சினை வந்ததும் ரீஸ்டார்ட் செய்வதுதான் நம் வழக்கம் என்பதால், நிறுவிய அன்றே அந்தக் குறியைப் போட்டுவிடுங்கள்.

சின்ன அலுவலகத்துக்கு இது தாராளமாகப் போதும். மாதக் கணக்கில் பயன்பாட்டு வரைபடம் வேண்டுமென்றால், இதே தகவலை அவ்வப்போது சேகரித்துத் தரும் இலவச பிஎச்பி லைசென்ஸ்வாட்சரைச் சேர்த்துக்கொள்ளலாம்.