கருகமணியும் எண்முனை விண்மீனும்

'இஸ்லாமிய வடிவமைப்பு' என்ற பெயரில் நகைக்கடைகளில் ஒரு பதக்கம் விற்கப்படுகிறது. ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் கிடைக்கும் எண்முனை விண்மீன் அது. நடுவே ஒரு பிறையோ சிறு கல்லோ இருக்கும். அச்சில் வார்த்தெடுத்த அந்தப் பதக்கத்தோடு ஒரு விளக்கமும் நம் கைக்கு வந்து சேர்கிறது. உயிருருவங்களை வரைவது தடுக்கப்பட்டதால் முஸ்லிம் கலைஞன் இயற்கையைக் கைவிட்டுக் கோடுகளிடம் தஞ்சம் புகுந்தான் என்பதே அது. பதக்கத்தைக் காட்டிலும் இந்த விளக்கமே அதிகமாக விலைபோயிருக்கிறது. இரண்டுமே நம் கைவினை மரபைக் குறுக்கிக் காட்டுகின்றன என்பது என் கருத்து.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஃபாத்திமிய எகிப்தைச் சேர்ந்த ஒரு பிறைவடிவப் பதக்கம் இருக்கிறது. காலம் 11ஆம் நூற்றாண்டு. நுண்ணிய பொன்கம்பிகளைப் பின்னிச் செய்த அந்தப் பிறையின் நடுவில் இரு பறவைகள் எதிரெதிரே நிற்கின்றன. வெளிவளைவு வட்டத்தின் பகுதி. உள்ளே இருப்பவை உயிருள்ளவை. இதைச் செய்த பொற்கொல்லர் இயற்கையைத் துறந்தவராகத் தெரியவில்லை. மொகலாயர் காலத்து மரகதங்களில் செதுக்கப்பட்ட மலர்களும் இதையே சொல்லும். உருவத்தடை பற்றிய ஃபிக்ஹு விவாதங்கள் மெய்யானவை. வழிபாட்டிடங்களின் அலங்காரத்தில் அவற்றின் தாக்கமும் மெய்யானது. நகையின் வரலாற்றை அந்த ஒரே சாவியால் திறக்க முயல்வதுதான் பிழை.

இயற்கையும் வடிவகணிதமும் இரு வேறு துறைகள் என்ற எண்ணம் நம் பழைய அறிஞர்களிடம் இருக்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 1000இல் எழுதிய 'அல்ஆஸார் அல்பாக்கியா'வில் அல்பிரூனி மலர்களின் இதழ்களை எண்ணிப் பார்க்கிறார். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பதினெட்டு என்ற கணக்கில் இதழ்கள் அமைகின்றன. ஏழும் ஒன்பதும் அரிது. அவற்றை வட்டத்துள் சமபக்க உருவமாக வரைய இயலாது என்பது அவர் சொல்லும் காரணம். விதி முழுமையாக நிற்கவில்லை. பதினெட்டுப் பக்க உருவத்தையும் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு துல்லியமாக வரைய முடியாது. நம் வீட்டு முற்றத்தில் உதிரும் பவளமல்லியை எடுத்து எண்ணினால் ஏழிதழ்ப் பூக்கள் தாராளமாகக் கிடைக்கும். எனினும், பூவின் முன்னே அமர்ந்து எண்ணிய அந்தப் பார்வை அரியது. பிற்காலத்தில் மணிக்கற்களைப் பற்றித் தனி நூலே எழுதியவரும், கற்களின் ஒப்படர்த்தியை அளந்தவரும் அவரே. கல்லை அழகுக்காகவும் அளவுக்காகவும் ஒருசேரக் கையிலெடுத்த மரபு அது.

எண்முனை விண்மீனுக்கு வருவோம். கிரானடாவின் அல்ஹம்ராவிலோ ஈரானியச் சுவரோடுகளிலோ அது தனித்து நிற்பதில்லை. ஒரு விண்மீனுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிலுவையொத்த வெளி பிறக்கிறது; அந்த வெளியே இன்னொரு ஓடாகிறது. சுவர் முடிந்தாலும் கோலம் முடிவதில்லை என்ற உணர்வைத் தருவது இந்தத் தொடர்ச்சிதான். அதிலிருந்து ஒன்றை மட்டும் வெட்டியெடுத்துச் சங்கிலியில் மாட்டும்போது கிடைப்பது வலையிலிருந்து அறுத்தெடுத்த ஒரு கண்ணி. அதில் மீன் படாது. முத்திரையாக, அடையாளச் சின்னமாக அது பயன்படலாம். வடிவகணிதம் என்று அதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் நகைக்கென்று இயல்பான வடிவகணிதம் எது? தொலைவில் தேட வேண்டியதில்லை. திண்டிவனம்–புதுச்சேரிச் சாலையிலுள்ள கிளியனூரிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட உப்பு 'பூக்கிறது' என்கிறோம். பூப்பது கனசதுரம். செறிந்த உப்புநீரின் மேற்பரப்பில் மிதந்தபடி வளரும் சில படிகங்களில் விளிம்பு விரைந்து வளர, நடு பின்தங்கி, படிப்படியாக இறங்கும் உள்ளீடற்ற சதுரக் கிண்ணங்கள் உருவாகின்றன. செங்கோணத்தை யாரும் வரையவில்லை. பொருளின் இயல்பு அதைத் தானே தருகிறது. பூ என்ற சொல்லும் சதுரம் என்ற வடிவமும் முரணின்றிப் பொருந்தும் இடம் அந்தப் பாத்தி.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் இதே பாடத்தை மணியில் படிக்கலாம். 1945இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் காசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த மேடு அது. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அங்குக் கிடைத்த ஒருநிறக் கண்ணாடி மணிகளை 'இந்தோ–பசிபிக் மணிகள்' என்ற வகையில் சேர்த்தார். தென்கிழக்காசியத் துறைமுகங்கள் வரை காணப்படும் வகை இது. செய்முறையை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேரில் கண்டு பதிவு செய்தார்கள். உருகிய கண்ணாடித் திரளை இரும்புக்குழல் ஒன்றில் ஏந்தி, நடுவே துளை அமையுமாறு மெல்லிய குழாயாக இழுக்கிறார்கள். அதைத் துண்டுதுண்டாக நறுக்குகிறார்கள். பின் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுகிறார்கள். கூர்விளிம்பு இளகி மணி உருள்கிறது. துளை அடைபடாமல் சாம்பல் காக்கிறது. இங்கே உருண்டையைத் தீட்டியது கவராயம் அன்று, நெருப்பு. அதனால்தான் ஒரு சரத்தில் எந்த இரு மணியும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும் சரம் ஒன்றாகவே தெரிகிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இம்மணிகளைப் பார்ப்பவர் இதை ஒரு நிமிடத்தில் உணர்வார். நகையின் வடிவகணிதம் கோர்ப்பில் இருக்கிறது: எண்ணிக்கையில், இடைவெளியில், திரும்பத் திரும்ப வருதலில். தஸ்பீஹ் மணியை விரலால் தள்ளும் நம் கைகள் அதை அறியும்.

தமிழ் முஸ்லிம்களிடம் இந்த அறிவு தங்கியிருக்கும் அணி கருகமணி. நிக்காஹ் நாளில் மணமகனின் தாயோ சகோதரியோ மணமகளுக்கு அதைக் கட்டுவது பல ஊர்களின் வழக்கம். கருமணி தெலுங்கு, கன்னட, மராத்தியப் பெண்களின் தாலியிலும் உண்டு. இதையே காரணம் காட்டி, கருகமணி மாற்றார் வழக்கம், விட்டொழிக்க வேண்டியது என்று கண்டிப்போர் நம்மிடையே உள்ளனர். ஈஜாப் கபூலும் மஹரும் சாட்சிகளும் இருந்தால் திருமணம் நிறைவேறும். கருகமணி அதன் நிபந்தனையன்று. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிபந்தனையல்லாதது என்பதும் மதிப்பற்றது என்பதும் ஒன்றாகா. கருகமணியைக் கழற்றிவிட்டு, அதே கழுத்தில் வார்ப்பு விண்மீனை 'இஸ்லாமிய நகை' என்று மாட்டுவதில் நாம் எந்த மரபுக்குத் திரும்புகிறோம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொலைத்துத் தேடிய கழுத்துமாலையைப் பற்றி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. யமனின் ழஃபார் நகரத்து 'ஜஸ்உ' மணிகளாலானது அது. தமிழில் இதை முத்துமாலை என்று பெயர்ப்பதும் உண்டு. ஜஸ்உ முத்தன்று, வரியோடிய மணிக்கல் வகை. அரிக்கமேட்டில் பட்டை தீட்டப்பட்ட கற்களில் இவ்வினமும் இருந்தது. அன்னையாரின் மாலை காணாமல்போய், தேடுவதற்காகப் பயணக்கூட்டமே நீரற்ற இடத்தில் தங்க நேர்ந்ததையொட்டித் தயம்மும் வசனம் அருளப்பட்ட நிகழ்வை நாம் எல்லோரும் அறிவோம். சட்டத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதினோம். மாலை எதனாலானது என்று கேட்டவர் குறைவு. பள்ளிவாசல் தூண்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் நம் ஆய்வுகள் தந்த இடத்தில் சிறு பங்கும் பெண்களின் கழுத்தணிக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய கருகமணியில் மணி சிறுத்துவிட்டது. பொன்குண்டுகளுக்கிடையே ஒப்புக்கு நாலைந்து கரும்புள்ளிகள். காரணம் அழகுணர்வின் மாற்றம் மட்டுமன்று. பொன் எடைக்கு விற்கப்படுகிறது. மணியின் எடை கழிக்கப்படுகிறது. கணக்கில் கழிவாக நிற்கும் பொருளுக்கு வடிவமைப்பவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

இந்தக் கடற்கரையில் கையால் நகை செய்ய முனைவோரிடம் எதிர்பார்க்கத் தோன்றுவது இதுதான். விண்மீனை ஒத்திவைத்துவிட்டு உப்புப் பாத்தியருகே சிறிது நேரம் குந்தியிருந்து பாருங்கள். படியிறங்கும் அந்தச் சதுரக் கிண்ணத்தை வெள்ளியில் தட்டி, இரண்டு மூன்று அளவுக் கருமணிகளுக்கு இடையே எண்ணிக் கோர்த்தால் என்ன ஆகிறதென்று பாருங்கள். மணிகள் சற்றே கோணியிருந்தால் தள்ளிவிட வேண்டாம். விலைச்சீட்டு எழுதுகையில் மணிகளின் எண்ணிக்கையும் கோர்த்த கையின் கூலியும் முதல் வரியில் வரட்டும். வெள்ளியின் எடை அதற்குக் கீழே.