ஏணிமிசை மயக்கம்

உழிஞைத் திணையை வேந்தனின் வெற்றித் திணையாகவே நம்மிற் பலர் படித்து முடித்துவிடுகிறோம். தொல்காப்பியர் அதனுள் ‘ஏணிமிசை மயக்கம்’ எனத் தனித்துறை வகுத்ததேன்? மதிலேறுவோன் கைகள் ஏணியைப் பற்றியிருக்கின்றன. மேலிருப்பவன் கைகளோ வாளேந்த உரியன. அந்நிலையை ஆசிரியர் அரசன் புகழில் கரைத்துவிடவில்லை.

1999 ஜூலையில், கார்கில் போரில், டைகர் ஹில்லின் செங்குத்துப் பாறையில் கயிறு பற்றி ஏறினார் 19 வயது யோகேந்திர சிங் யாதவ். குண்டுகள் பாய்ந்தும் ஏறிப் பகைவர் பதுங்குகுழியைத் தகர்த்தார். இத்துறைக்கு இதனினும் தெளிந்த உரை வேண்டுவதில்லை.

ஏறியபின் என்ன கிடைத்தது என்னும் வினா இத்துறையில் இல்லை. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்பாறை ஏறச் சென்ற 225 அமெரிக்க வீரர் தேடிய பீரங்கிகள் உச்சியில் இல்லை. ‘தி லாங்கஸ்ட் டே’ (1962) திரைப்படம், எல்லாம் வீண் என்பதுபோல் அங்கேயே நின்றுவிடுகிறது. உள்நாட்டுப் பக்கம் மறைத்திருந்தவற்றை அவர்கள் அன்றே கண்டு செயலிழக்கச் செய்தனர். காணாதிருப்பினும் ஏணிமிசை மயக்கத்துக்கு அவர்கள் உரியவரே.