காத்திருந்தவர்க்கும் பாட்டில் பங்குண்டு

பினாங்கு, ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார்க் கடைகளினின்று ஒலிக்கும் திரைப்பாடல்களுள் கண்ணதாசன் பாடல்கள் இன்றும் உண்டு. அவற்றைச் சுவைப்போர் பலர் கதையொன்றையும் சேர்த்துச் சொல்வர்: கவிஞர் குடிப்பார், குறித்த நேரத்திற்கு வாரார், வந்துவிட்டாலோ நொடியில் பாட்டுப் பிறக்கும். ஆகவே, ஒழுங்கின்மையே கவிதைக்கு ஊற்று என்பது அவர்தம் முடிபு. மாணவர் செவிக்கு இனிக்கும் இம்முடிபு பொருந்துமா என்பதை ஆசிரியர் ஆராய்தல் வேண்டும்.

குடிப்பழக்கத்தைக் கண்ணதாசன் மறைத்தாரல்லர்; தாமே எழுதியும் வைத்தார். 1962இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்துப் பாடலொன்றைப் பற்றி வழங்கும் செய்தி பலரும் அறிந்ததே. கவிஞர் வாராமை கண்டு எம்.எஸ். விசுவநாதன் சினந்து கடிந்தார் என்றும், அச்சொல் கேட்டு வருந்திய கவிஞர் அவ்வருத்தத்தையே பாட்டாக்கினார் என்றும் கூறுவர். செய்தி மிகையே ஆயினும் ஆகுக. அப்பாட்டு உயர்ந்தது எதனால்? படத்தில், நோயுற்ற கணவன் தான் இறந்தபின் மறுமணம் செய்துகொள்ளுமாறு மனைவியிடம் கூறுகிறான். நண்பரிடம் கொண்ட மனத்தாங்கல், அம்மனைவியின் வினாவாக உருமாறியதே பாட்டின் சிறப்பு. அந்த மாற்றம் கலைஞனின் தொழில். மதுவின் தொழில் அன்று.

மெட்டுக்குப் பாட்டெழுதுதல் எளிதன்று. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் பாடுவார். குறில் நிற்குமிடத்தில் குறிலும், நெடில் நீளுமிடத்தில் நெடிலும் அமைத்தல் வேண்டும், பொருளும் கெடலாகாது. ஓரசை மிகினும் பாட்டு இடறும். தொல்காப்பியர் இருபது வண்ணம் வகுத்த மொழியில், அருணகிரிநாதர் சந்தம் பயின்ற மொழியில், இவ்வாற்றல் பயிற்சியால் வருவதென்பதை விளக்கவும் வேண்டுமோ? எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட கண்ணதாசன், தாமே கற்ற தமிழால் அதனைப் பெற்றார். அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர் பஞ்சு அருணாசலம். மெட்டமைத்துக் காத்திருந்தவர் விசுவநாதன். ஒருவர் பிந்தியபோது மற்றவர் பொறுத்தமையால் பாட்டு நின்றது.

சங்கப் புலவர் கள்ளைப் பாடவில்லையா எனச் சிலர் வினவலாம். பாடினர். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையிலும் கள் வருகிறது. ஆயின் அங்கே போற்றப்படுவது அவன் பகிர்ந்துண்ட பண்பு, வெறி அன்று. அதனாலன்றோ வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார்!

கூட்டுப் படைப்பில் சொல்லாசிரியனையே முன்னிறுத்துவது தமிழர் வழக்கம். மலாய் உலகில் இது தலைகீழ். இதே பினாங்கில் பிறந்த பி. ராம்லியின் பெயர் யாவரும் அறிவர். அவர் இசைக்குப் பல பாடல்கள் எழுதிய எஸ். சுடர்மாஜியின் பெயரை அறிந்தோர் சிலரே. இரண்டும் குறையுடைய வழக்கங்களே.

கண்ணதாசன் 1981இல் சிகாகோவில் மறைந்தபோது அவர்க்கு அகவை 54. விசுவநாதன் 2015 வரை, 87 ஆண்டு வாழ்ந்தார். ஒழுங்கின்மையால் நாம் பெற்ற பாடல் எத்தனை என்று எண்ணுவோர், இழந்த பாடல் எத்தனை என்றும் எண்ணுதல் நன்று. வகுப்பில் அவர் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், பிந்தி வந்த கவிஞரின் கதையைச் சொல்லின், காத்திருந்தவரின் கதையையும் உடன் சொல்வாராக.